அண்ணியின் வலது முழங்கை

கையில் ஊசி குத்திப் பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து என் அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. மற்றவர்கள் ஊசி என்றாலே முகத்தைச் சுளிப்பார்கள். அண்ணியோ பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாளிடம்கூடச் சொல்லிவிட்டாள். நரம்புக்குள் கரண்ட் விட்டுப் பார்க்கப் போகிறார்களாம், இனி எதுவும் ஒளிந்திருக்க முடியாதாம். அந்த அம்மாள் தன் பையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாக நகர்ந்துவிட்டார்.

நாங்கள் மூன்று பேர் ஒரு வீடு. அண்ணன், அண்ணி, நான். அண்ணன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அண்ணியும் நானும் வேலை செய்வது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஓட்டல்களில் இருந்து படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைத்து உலர்ந்த விரிப்பு இஸ்திரி உருளைக்குள் போய் மறுபக்கம் சூடாக நாக்கை நீட்டிக்கொண்டு வரும். அதை இரண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டும். ஒரு முனையில் அண்ணி, மறு முனையில் நான். உதறி, இழுத்து, கையோடு கை சேர்த்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, முனையைக் கொடுத்துவிட்டுக் குனிந்து மிச்சத்தைப் பிடித்து மறுபடி நிமிர வேண்டும். நாள் முழுக்க இதே ஆட்டம்தான்.

இயந்திரங்கள் போடும் சத்தத்தில் அங்கே பேசினால் காதில் விழாது. அதனால் மடிப்பவர்கள் துணி வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு சின்ன இழுப்பு என்றால் நான் தயார். இரண்டு இழுப்பு என்றால் நிறுத்து, இங்கே கறை இருக்கிறது. வாய் திறக்க அவசியமில்லாத அந்த வேலை எனக்கு ரொம்பப் பொருந்திப்போனது. அங்கே எனக்குப் பெயரே பூட்டு. எனக்கும் சேர்த்து அண்ணி பேசிவிடுவாள்.

வலி வந்தது மடிப்பில்தான். வலது முழங்கையின் உள்பக்கம் ஆரம்பித்துச் சுண்டு விரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் எரிந்துகொண்டே இறங்கும். முதலில் வேலையில் மட்டும் இருந்தது, பிறகு தலை வாரும்போது, போன் பேசும்போது, கையை மடக்கித் தூங்கும்போது என்று எல்லா இடத்துக்கும் கூடவே வந்தது. அண்ணி அதைச் சொல்லிப் பார்க்காத விதம் இல்லை. எறும்பு ஊர்கிறது என்றாள், பிறகு காய்ச்சிய கம்பி என்றாள், பிறகு யாரோ உள்ளே நின்று சுண்டி விடுகிறார்கள் என்றாள். அண்ணன் கேலி செய்வான். நேற்று எறும்பு, இன்றைக்குக் கம்பி, நாளைக்கு ரயில் வருமா என்பான்.

கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார்கள். பெரிய குழாய்க்குள் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாமே நார்மல். ஒவ்வொரு தடவையும் ஒன்றும் இல்லையாமே, நல்லவேளை என்று அக்கம்பக்கத்தில் சந்தோஷப்பட்டார்கள். அண்ணி பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்வாள். ஒன்றும் இல்லை என்பதைக் கேட்கக் கேட்க அவளுக்கு ஆறவில்லை. அந்த ஒன்றும் இல்லாததுதானே அவளைத் தூங்கவிடாமல் புரட்டி எடுத்தது.

அண்ணன் கெட்டவன் இல்லை. ஆனால் அவன் தொழில் அப்படி. லிஃப்டில் சத்தம் கேட்டால் திறப்பான், தேடுவான், கண்டுபிடித்து முடுக்குவான். திறந்து பார்த்தும் எதுவும் கிடைக்கவில்லை என்றால் சத்தமே வரவில்லை என்று எழுதிவிட்டு வந்துவிடுவான். மூன்றாவது ரிப்போர்ட்டும் வந்த அன்று அவன் அன்பாகத்தான் சொன்னான்.

"எல்லாத்தையும் திறந்து பாத்தாச்சும்மா. ஒண்ணும் இல்ல. நீ மனசைக் கொஞ்சம் லேசா வச்சுக்கோ, சரியாப் போயிடும்."

அதற்குப் பிறகு அண்ணி அவனிடம் வலி என்ற பேச்சே எடுக்கவில்லை. எங்கள் தெரு டாக்டரும் கையை விரிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டார். கடைசியாக நரம்பு டெஸ்ட் ஒன்றுக்கு எழுதித் தருகிறேன், அதிலும் எதுவும் இல்லையென்றால் இனித் தேடிப் பிரயோஜனம் இல்லை, தூங்குவதற்கு மாத்திரை தருகிறேன், இதோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அதனால்தான் அண்ணிக்கு அந்த ஊசி அவ்வளவு பெரிய விஷயமானது. இதிலும் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால் இனி யாரும் தேட மாட்டார்கள். ஊர் நம்பாதது ஒரு பக்கம். அவளே தன்னை நம்புவதை விட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஒரு நாள் தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது உருளை நின்றது, கூடம் அமைதியானது. அந்த இடைவெளியில் அவள் என்னிடம் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லு. நானே கற்பனை பண்ணிக்கறேனா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

சொல்வதற்குள் உருளை ஓட ஆரம்பித்துவிட்டது. எனக்குத் தெரிந்தது துணி வழியாக. மூன்றாவது மடிப்புக்கு அவள் கையை மடக்கி மேலே தூக்கும்போது அவள் பக்கத்து முனை ஒரு கண் சிமிட்டும் நேரம் தொய்யும். உடனே மறுபடி விறைத்துவிடும். அந்தத் தொய்வு ஒரு சின்ன அலையாக விரிப்பின் மேல் ஓடி என் கைக்கு வந்து சேரும். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. பிடித்திருக்கிறவளுக்குத்தான் தெரியும். கற்பனைக்கு அலை வருமா?

டெஸ்ட் நாளுக்கு அவள் தயாரான விதத்தைப் பார்க்க வேண்டுமே. கையில் கிரீம், எண்ணெய் எதுவும் தடவக்கூடாது என்று போனில் சொல்லியிருந்தார்கள். அவள் சோப்பு போட்டுத் தோள் வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நகம் வெட்டினாள். மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். முந்தின நாளே விடுப்பு எடுத்து, கையைத் தலையணைமேல் வைத்து, பச்சைக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொண்டாள். காலையில் ஒரு வலி மாத்திரையும் போட்டுக்கொண்டாள். அங்கே போய் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றால் டெஸ்ட் எடுப்பவர்களுக்குத் தொந்தரவாம். முழுக்கைச் சட்டை ஒன்றை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டாள்.

டெஸ்ட் அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு கம்ப்யூட்டர், மூலையில் எனக்கு ஒரு முக்காலி. டெக்னீஷியன் குண்டாக, வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டே வேலை செய்கிற மனிதர். அண்ணியின் விரல்களில் காசு அளவு தகடுகளை ஒட்டினார். இரண்டு முள் வைத்த கைப்பிடி ஒன்றை மணிக்கட்டில் அழுத்தினார். சுள்ளென்று ஒரு அடி. அண்ணியின் சுண்டு விரல் தன்னாலே துள்ளியது. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்துவிட்டாள். திரையில் ஒரு கோடு மேடாக எழும்பி இறங்கியது. கழுத்தை நீட்டிப் பார்த்து, இது நல்ல மேடா, கெட்ட மேடா என்று கேட்டாள். நான் மேடு போடுகிறவன் மட்டும்தான், நல்லது கெட்டதை டாக்டர் பார்த்துக்கொள்வார் என்றார் அவர். முழங்கைக்கு மேலும் கீழும் மாறி மாறி வைத்து அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் அண்ணியின் கண் என் பக்கம் வந்து, பார்த்தாயா பார்த்தாயா என்றது.

பிறகு நரம்பு டாக்டர் வந்தார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிற அம்மா. முடிபோல மெல்லிய ஊசியைச் சுண்டு விரலுக்குக் கீழே இருக்கிற சதையில் இறக்கினார். இயந்திரத்தில் இருந்து தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம் வந்தது. அது உங்கள் தசை பேசுகிற சத்தம் என்று டாக்டர் சொன்னதும் அண்ணி வாயைப் பிளந்துவிட்டாள். விரலை விரித்து அழுத்தச் சொன்னார். அண்ணி அழுத்திய அழுத்தில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. இவ்வளவு பலம் எனக்கே இல்லையே என்றார் டாக்டர். அண்ணிக்கு முகம் மலர்ந்தது.

டாக்டர் முழங்கையைத் தட்டிப் பார்த்தார், வலிக்கிறதா என்றார். பரவாயில்லை டாக்டர் என்றாள் அண்ணி. மடக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். பழகிவிட்டது டாக்டர் என்றாள். அவளுடைய இடது கை கட்டிலுக்குக் கீழே விரிப்பின் ஓரத்தைக் கசக்கிப் பிடித்திருந்தது. அது முக்காலியில் இருந்த எனக்குத்தான் தெரிந்தது, டாக்டர் நின்ற பக்கம் தெரியாது.

"நரம்பு நல்லாவே ஓடுது," என்றார் டாக்டர். "முழங்கைகிட்ட ஒரு துளி தாமதம். இதை மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாது. பக்கத்து ரூம்ல ஸ்கேன் மெஷின் இருக்கு, அதுலயும் பாத்துடலாம். கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்க."

நடைக்கூடத்துக்கு வந்ததும் அண்ணியின் முகம் காற்றுப்போன பலூன்போல ஆகிவிட்டது. நார்மல் என்றுதான் சொல்லப்போகிறார்கள், எனக்குத் தெரியும் என்றாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்க வேண்டியதுதான் என்றாள். அவள் மடியில் அந்தக் கை சுத்தமாக, நகம் வெட்டி, சட்டையின் இஸ்திரி மடிப்புக்குள் சமர்த்தாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணி, நீங்க கையைத் துவைச்சுக் கொண்டாந்திருக்கீங்க."

"என்னடி சொல்ற?"

"நேத்து பூரா வேலை செய்யல. காலைல மாத்திரை போட்டீங்க. வலிக்குதான்னு கேட்டா பரவாயில்லைங்கறீங்க. கறை எங்கன்னு தேடறவங்ககிட்ட வெளுத்து இஸ்திரி போட்டுக் குடுத்தா, அவங்க எங்க போய்த் தேடுவாங்க?"

அண்ணி என்னையே பார்த்தாள். நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. எங்கள் தொழில் அப்படிப் பழக்கிவிட்டது. எதையும் சுருக்கம் இல்லாமல்தான் ஒப்படைப்போம். சலவைக்கூடத்தில் கை வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னவளுக்கு மறுநாள் மடிப்பில் இடம் இருக்காது. அந்தப் பழக்கத்தோடேயே எக்ஸ்ரேக்கும் போனாள், குழாய்க்குள்ளும் படுத்தாள், இங்கேயும் வந்தாள்.

"இப்ப என்ன பண்றது?" என்றாள். "கறைதான் போயிடுச்சே."

"போகல. மடிச்சா வந்துடும்."

எதிர்ச் சுவரை ஒட்டி ஒரு தள்ளுவண்டி நின்றது. அதில் மருத்துவமனை விரிப்புகள், துவைத்து வந்தும் மடிக்காமல், குவியலாகக் கிடந்தன. வந்ததில் இருந்து அந்தக் குவியல் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அண்ணி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்துவிட்டாள்.

நடைக்கூடத்தின் நடுவில் நின்று நாங்கள் மடிக்க ஆரம்பித்தோம். உதறினால் காற்று கிளம்பி, காத்திருந்த பெரியவரின் கையில் இருந்த டோக்கன் சீட்டு பறந்தது. அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். ஒரு விரிப்பு, அடுத்தது, அடுத்தது. அலை வரவில்லை. மாத்திரை இன்னும் வேலை செய்கிறது என்று அண்ணி முணுமுணுத்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினாள். உருளை நெருக்கும்போது ஓடுகிற வேகம். எனக்கு மூச்சு வாங்கியது. எங்கள் பக்கத்து நாற்காலியில் விரிப்புகள் அடுக்காக உயர்ந்தன.

ஒரு நர்ஸ் வந்து நின்றார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களா என்று கேட்டார். இல்லை சிஸ்டர், ஸ்கேனுக்கு வந்திருக்கிறோம் என்றாள் அண்ணி, கை நிற்காமல். நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அடுக்கில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நாலு மூலையும் ஒன்றின்மேல் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்திருந்தன.

"கீழ் மாடியில இன்னும் ரெண்டு வண்டி இருக்கு," என்றார். "ஸ்கேன் முடிச்சுட்டுப் போய்டாதீங்க."

அடுத்த விரிப்பின் மூன்றாவது மடிப்பில் அது வந்தது. தொய்வு. அலை. என் கையில் வந்து முட்டியது. நான் தலையை ஆட்டினேன். அண்ணியின் நெற்றியில் வேர்த்திருந்தது, உதட்டைக் கடித்திருந்தாள், கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனாலும் முகம் முழுக்கச் சிரிப்பு.

"வந்துடுச்சு," என்றாள். "வந்துடுச்சுடி."

பெரியவர் தன் டோக்கன் சீட்டை எடுத்துக்கொண்டு இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார். உள்ளே இருந்து கூப்பிட்டார்கள்.

ஸ்கேன் அறையில் விளக்கைக் குறைத்திருந்தார்கள். டாக்டர் முழங்கையில் குளிர்ந்த ஜெல்லைப் பூசி, சோப்புக் கட்டிபோல ஒன்றை வைத்து மெதுவாக நகர்த்தினார். கை நீட்டியே இருந்தது. திரையில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ தெரிந்தன. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். இப்போது வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். அண்ணியின் வாய் பழக்க தோஷத்தில் பரவா என்று ஆரம்பித்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நிறுத்தினாள்.

"வலிக்குது டாக்டர்," என்றாள். "நல்லாவே வலிக்குது. சுண்டு விரல் வரைக்கும் எரியுது."

டாக்டரின் கை அப்படியே நின்றது. அந்த அறையில் பரவாயில்லை என்றீர்களே என்றார். இப்போது வெளியே மடித்துவிட்டு வந்தேன் என்றாள் அண்ணி. என்ன மடித்தீர்கள் என்றார். அண்ணி என்னை நோக்கிக் கையைக் காட்டினாள். டாக்டர் தலைமேல் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். பெட்ஷீட் என்றேன். வேலையே அதுதான் என்றேன். கையை மடக்கித் தூக்கும்போதுதான் பிடி நழுவும் என்றேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

"மடிக்கிற மாதிரியே மடக்குங்க. மெதுவா. நான் இதை முழங்கைல இருந்து எடுக்க மாட்டேன்."

அண்ணி மடக்கினாள். திரையில் வெள்ளையாக ஒரு வளைவு, அதை ஒட்டி ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் சாம்பல் நிறத்தில் உருண்டையாக ஒரு பொட்டு. கை மடங்க மடங்க அந்தப் பொட்டு பள்ளத்தின் ஓரத்தில் ஏறியது. இன்னும் ஏறியது. உச்சியில் ஒரு நொடி தயங்கி நின்றது. சட்டென்று அந்தப் பக்கம் குதித்தது. அதே நொடியில் அண்ணி உஸ் என்றாள்.

கையை நீட்டச் சொன்னார் டாக்டர். பொட்டு திரும்பக் குதித்து ஒன்றும் தெரியாத பிள்ளைபோலப் பள்ளத்துக்குள் உட்கார்ந்துகொண்டது. மறுபடி மடக்கச் சொன்னார். மறுபடி குதித்தது. டெக்னீஷியனை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். அவர் முனகலை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இது எலும்பு. இதுதான் உங்க நரம்பு," என்றார் டாக்டர். "பள்ளத்துக்குள்ளயே இருக்க வேண்டியது, கையை மடக்கினா எலும்பைத் தாண்டிக் குதிக்குது. நீட்டி வச்சுப் பாத்தா தெரியவே தெரியாது. சில பேருக்கு இப்படிக் குதிச்சும் வலி இருக்காது. உங்களுக்குத் தேய்ஞ்சு தேய்ஞ்சு வீங்கிப் போயிருக்கு, அதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை மடிப்பீங்க?"

நானும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதை யார் எண்ணினார்கள்?

"அப்ப இருக்கு," என்றாள் அண்ணி. "இருக்குதானே டாக்டர்?"

"கண்ணு முன்னாலயே இருக்கேம்மா."

இன்னொரு தடவை பார்க்கலாமா என்று கேட்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டே திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அண்ணி தானே மடக்கினாள், தானே நீட்டினாள். வலித்தது. ஆனாலும் தன்னை இத்தனை காலம் அலைக்கழித்த ஆளை முதல் தடவையாக நேரில் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மடிப்பு வேலையை நிறுத்த வேண்டும், கை மடங்காமல் இருக்கத் தூங்கும்போது பட்டை கட்ட வேண்டும், அதில் அடங்கவில்லை என்றால் ஆபரேஷன் செய்து நரம்பை வேறு இடத்தில் வைக்க வேண்டியிருக்கும், அப்போதும் வலி முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது. டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அண்ணி பரிசு வாங்குகிறவள்போலத் தலையாட்டினாள். ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டுச் சிரித்தவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் டாக்டர்.

சாயங்காலம் அண்ணன் கருவிப் பையோடு வீட்டுக்குள் நுழைந்தான். என்ன சொன்னார்கள் என்று கேட்பதற்குள், போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருங்கள் என்று அண்ணி உத்தரவு போட்டாள். அவன் என்னைப் பார்த்தான். கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். அவள் அவனுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தன் முழங்கையின் உள்பக்கம் எலும்புக்குமேல் வைத்தாள்.

"எடுக்காதீங்க. அப்படியே வச்சிருங்க."

மெதுவாகக் கையை மடக்கினாள். எனக்கு அங்கிருந்து எதுவும் தெரியவில்லை. அண்ணனின் முகம்தான் தெரிந்தது. அவன் திடுக்கிட்டு விரலை எடுத்துவிட்டான். உடனே தானாகவே திரும்ப வைத்தான். அவள் நீட்டினாள், மடக்கினாள். இயந்திரத்துக்குள் கையை விட்டுத் தேடும்போது அவன் இப்படித்தான், கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு விரலால் கேட்பான்.

"ஒவ்வொரு தடவையுமா?" என்றான்.

"ஒவ்வொரு தடவையும்."

அவன் தன் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு தன் முழங்கையில் விரலை வைத்து மடக்கிப் பார்த்தான். வலது கை, பிறகு இடது கை. என்னைக் கூப்பிட்டு என் முழங்கையையும் பார்த்தான்.

"எனக்குக் குதிக்கல," என்றான், ஏமாந்தவன்போல. "இவளுக்கும் குதிக்கல."

"எல்லாருக்கும் குதிச்சுடுமா?" என்றாள் அண்ணி. அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்க வேண்டுமே.

அண்ணன் சிரிக்கவில்லை. அவள் கையை மறுபடி எடுத்துக்கொண்டான். இந்தத் தடவை மடக்கச் சொல்லவில்லை. தன் தொடைமேல் வைத்து, உள்ளங்கையால் முழங்கையைத் தாங்கி, நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டான்.